கிராணி வீட்டு இரும்புப் பெட்டி

கிளாரன்ஸ் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் யாராவது நினைவுபடுத்தினால் முகம் மாறிவிடும். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒரு பாதிரியாரின் சிபாரிசில் கிள்ளானில் மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்த கிளாரன்ஸ், பத்தொன்பது வயதில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகி, ஜப்பான்காரன் காலத்தையும் எப்படியோ தாண்டி, முப்பத்தெட்டாம் வயதில் லிண்டன் தோட்டத்துக்குப் பெரிய கிராணி ஆனார். கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். கிராணி வீடு லயங்களுக்கு மேலே சிறு மேட்டில், ஆறு படிகள் வைத்துக் கட்டிய பலகை வீடு. லயத்து ஆட்கள் படிக்குக் கீழே நின்றுதான் பேசுவார்கள். மேலே ஏறக்கூடாது என்று அவர் சொன்னதில்லை. ஏறி வாருங்கள் என்றும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் ஆண்டு, பக்கத்துத் தோட்டத்துப் புகைக்கொட்டகையைக் காட்டுக்காரர்கள் கொளுத்தினார்கள். காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு வந்துபோன கம்யூனிஸ்டு ஆட்களை லயத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மறுவாரமே தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை, கிளாரன்ஸை அழைத்து ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்தார். சண்டை போடுவதற்கு இல்லை என்று தெளிவாகச் சொன்னார். தோட்டத்தின் மறுகோடியில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் ஆறு பேர் காவலுக்கு இருந்தார்கள். லயத்துப் பக்கம் ஆபத்து என்றால் கிராணி வானத்தைப் பார்த்து மூன்று குண்டு சுட வேண்டும். சத்தம் கேட்டதும் அவர்கள் ஓடி வருவார்கள்.

ஆனால் வீட்டில் துப்பாக்கி வைப்பவர் அதை இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்று போலீஸ் உத்தரவு. துப்பாக்கி காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விட்டால் வைத்திருந்தவர் கம்பி எண்ண வேண்டியதுதான்.

கிளாரன்ஸ் மூன்று சனிக்கிழமை பெட்டி தேடி அலைந்தார். கோலாலம்பூரிலிருந்து வரவழைக்கலாம் என்று ஒரு கடைக்காரர் காட்டிய பெட்டகத்தைத் தூக்க நாலு ஆள் வேண்டும். பலகைத் தரை தாங்காது. இன்னொரு கடையில் இருந்தது தகரப் பெட்டி. கீலில் பாராங் கத்தியைச் செருகித் திருகினால் வாயைப் பிளந்துவிடும். அதுவும் சின்னது, அள்ளிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆற்றோரத்தில் பட்டறை வைத்திருந்த ரெங்கசாமியிடம் போனார். ரெங்கசாமி ஒன்றரைச் சாண் நீளத்தில், கீல் உள்பக்கமாக, முதுகில் நாலு துளை வைத்துப் பெட்டி செய்தார். உள்ளேயிருந்து போல்ட்டு போட்டு வீட்டுச் சுவர்க்கட்டையோடு முடுக்கிவிட்டால் பெட்டியைத் தூக்க வீட்டையே தூக்க வேண்டும் என்றார்.

பூட்டும் அவர் கையால் செய்ததுதான். கிளாரன்ஸைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்து, பத்து முறை திறக்க வைத்தார்.

"திருடனுக்குத் தொறக்காம இருந்தா மட்டும் போதாது சார்," என்றார். "ஒங்களுக்குத் தொறக்கணும். பதட்டத்துல தொறக்கணும்."

பத்து முறையும் திறந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கிளாரன்ஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துத் துடைத்து, குண்டுகளை எண்ணித் திரும்ப வைப்பார். ஜன்னலைத் திறந்தது காற்றுக்கு இல்லை. கீழே தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். கிராணியார் பெட்டிக்குப் பூசை ஆரம்பித்துவிட்டார் என்று தாயம்மா குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிரிப்பாள். மாதா சுரூபத்தில் தூசி கிடக்கிறது, பெட்டி மட்டும் பளபளக்கிறது என்று அவர் மனைவி மாடில்டாவும் குத்திக்காட்டுவாள். கேலி செய்தார்களே தவிர, அந்தப் பெட்டியை நம்பித்தான் லயம் தூங்கியது.

ஒரு புதன்கிழமை காலை, மணி பதினொன்று இருக்கும். ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கிளாரன்ஸ் தேநீர் குடிக்க வீட்டுக்கு வந்திருந்தார். காக்கி உடுப்புப் போட்ட காட்டுக்காரர்கள் ஆறு பேர் மர நிரைகளுக்கு நடுவிலிருந்து வந்து, ஆட்களைச் சுற்றி வளைத்து, எல்லாருடைய அடையாள அட்டைகளையும் பிடுங்கிக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பிறகு, துப்பாக்கி வைத்திருக்கிற கிராணி எங்கே என்று ஆட்களுக்குக் கங்காணியான மண்டோர் சன்னாசியைக் கேட்டார்கள். டவுனுக்குப் போய்விட்டார் என்றார் சன்னாசி. துப்பாக்கிக் கட்டையால் அவருடைய வலது முழங்கையில் அடித்தார்கள்.

தாயம்மா ஸ்டோருக்குப் பின்னால் நழுவி, மரங்களுக்குள் புகுந்து ஓடி வந்து, கிராணி வீட்டுப் படிக்குக் கீழே மூச்சு வாங்க நின்றாள்.

"ஐயா, சன்னாசி அண்ணன அடிக்கிறாங்க. சுடுங்கய்யா. மேல பாத்துச் சுட்டாப் போதும்."

கிளாரன்ஸ் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். சாவி கையில் இருந்தது. கை நடுங்கவில்லை. அதைப் பிற்பாடு அவர் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். நடுங்கியிருந்தால் அதையாவது சொல்லிக்கொள்ளலாம். அவர் மனம் அப்போது மிகத் தெளிவாகக் கணக்குப் போட்டது. சுட்டால் கிராணி வீட்டில்தான் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஸ்டோரிலிருந்து இங்கே வர நாலு நிமிடம். கான்ஸ்டபிள்கள் வந்து சேரக் கால் மணி நேரம்.

"பூட்டு சிக்கிக்கிச்சு," என்று அவர் சொன்னார். அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

ஒடைங்கய்யா, எதையாச்சும் எடுத்து ஒடைங்க என்று தாயம்மா கீழேயிருந்து கெஞ்சினாள். அப்போதும் அவள் படியேறவில்லை. கிளாரன்ஸ் சாவியின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மூடியில் டக் டக்கென்று தட்டினார், முயற்சி செய்கிற சத்தம் கீழே கேட்கட்டும் என்று. நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் மாடில்டா நின்றுகொண்டிருந்தாள். சாவி அவர் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சன்னாசிக்கு இரண்டாவது அடியில் முழங்கை எலும்பு நொறுங்கியது. அவர் சொன்னதை நம்பிக் காட்டுக்காரர்கள் போய்விட்டார்கள்.

கிளாரன்ஸை யாரும் குறை சொல்லவில்லை. பாவம் கிராணியார், பெட்டி கழுத்தறுத்துவிட்டது என்றுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள். துரையும் அப்படியே போலீசுக்கு எழுதினார். போலீஸ் சுற்றுப்பட்ட தோட்டங்களுக்கெல்லாம் ரெங்கசாமி பட்டறைப் பெட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது. மற்றத் தோட்டங்கள் அவரிடம் வாங்கியிருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பட்டறைக்குத் திரும்பி வந்தன. சாதாரணக் கதவுப் பூட்டு வாங்கியவர்கள்கூடக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடித்து வந்த கிளாரன்ஸ் படிக்குக் கீழே ரெங்கசாமியைப் பார்த்தார். தோளில் சாக்குப்பை, அதற்குள் கருவிகள். ஆள் இளைத்திருந்தார்.

"சன்னாசி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன் சார். கால்ல விழுந்துட்டு வந்தேன். எம் பூட்டால ஒரு மனுசன் கை போயிருச்சு," என்றார். "ஒங்க கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்."

கிளாரன்ஸ் அதைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பரவாயில்லை, உள்ளே வாருங்கள் என்றார். அவருக்குப் பிற்பாடு எல்லாவற்றையும்விட அந்தப் 'பரவாயில்லை'தான் உறுத்தியது.

ரெங்கசாமி சாவியைப் போட்டார். பூட்டு திறந்தது. மூடித் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு திறந்தார். பூட்டைக் கழற்றி, வில், தாழ், நெம்பு என்று ஒவ்வொரு துண்டாகப் பழைய பேப்பரில் பரப்பி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துரு இல்லை. தேய்மானம் இல்லை. சாவியை அன்றைக்கு முழுதாக உள்ளே விட்டீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"விட்டேன்," என்றார் கிளாரன்ஸ்.

"அப்ப எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். எனக்குத்தான் தெரியல." ரெங்கசாமி துண்டுகளைப் பேப்பரோடு மடித்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன், இனிமேல் பூட்டு வேலையே வேண்டாம், மண்வெட்டி அடித்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்றார்.

எடுத்துக்கொள்ளச் சொன்னார் கிளாரன்ஸ். துப்பாக்கியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, நாலு போல்ட்டையும் கழற்றும்போது விளக்குப் பிடிப்பதுபோலப் பக்கத்திலேயே நின்றார். பெட்டி போய்விட்டால் எல்லாம் போய்விடும். திறக்கிறதா இல்லையா என்று இனி யாரும் பார்க்க முடியாது. ரெங்கசாமி சாக்குப்பையில் பெட்டியைப் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி இறங்கிப் போனார்.

மாடில்டா வந்து சுவரில் தெரிந்த நாலு துளைகளைப் பார்த்தாள்.

"சன்னாசி கால்ல அவரு விழுந்துட்டுப் போறாரு," என்றாள். "யாரு விழ வேண்டிய காலுங்க அது?"

பதினெட்டு நாளில் அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான். கிளாரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி நடந்தார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ரெங்கசாமி சன்னாசி வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் கிடத்தியபடி சன்னாசி. அடுத்த வீட்டு வாசலில் தாயம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிராணியைக் கண்டதும் சன்னாசி எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒக்காருங்க," என்றார் கிளாரன்ஸ். "பூட்டுல ஒண்ணுமில்ல. நான் தொறக்கல."

மூவருக்கும் புரியவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

"சாவிய உள்ளயே போடல. பயந்துட்டேன்."

"டக் டக்குனு சத்தம் கேட்டுச்சே," என்றாள் தாயம்மா.

"மூடியில தட்டுனேன்."

தாயம்மா கையிலிருந்த ஈரத்துணியைப் பிழியாமலே வாளியில் போட்டாள். அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

 சன்னாசி கோபம் இல்லாமல், நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"ரெண்டு தடவ சொன்னேன், கிராணியாரு டவுனுக்குப் போயிட்டாருன்னு. ரெண்டாவது தடவ சொல்றப்ப காதெல்லாம் ஒங்க வீட்டுப் பக்கந்தான் இருந்துச்சு. இப்பச் சத்தம் வரும், இப்ப வரும்னு."

கிளாரன்ஸ் கைகூப்பினார். குனிந்து காலைத் தொடப்போனபோது சன்னாசி காலை இழுத்துக்கொண்டார்.

கோபப்பட்டது ரெங்கசாமிதான். 

"ஊரு பூரா கேக்கறாப்பல எம் பூட்டு கெட்டதுன்னீங்க. இப்ப மூணு பேருகிட்ட வந்து காதும் காதும் வச்சாப்பல சொல்றீங்களே சார்."

அன்று மாலையே கிளாரன்ஸ் துரைக்குக் கடிதம் எழுதினார். பிரதியைப் போலீசுக்கு அனுப்பினார். பெட்டி வாங்கியிருந்த ஒவ்வொரு தோட்டத்துக்கும் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே நாலு வரி. பூட்டு பழுதில்லை, பயத்தால் திறக்கவில்லை, பழியைப் பட்டறைக்காரர்மேல் போட்டேன், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மறுநாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்றபோது அதையே தமிழில் வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் துப்பினார்.

துரை துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெரிய கிராணி வேலை போய், இவரிடம் வேலை பழகிய இருபத்தைந்து வயதுப் பையனுக்குக் கீழே சின்னக் கிராணி ஆனார். வேண்டுமானால் வேறு தோட்டத்துக்கு மாற்றல் தருவதாகத் துரை சொன்னார். கிளாரன்ஸ் வேண்டாம் என்றார்.  மேட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு இறங்கி வந்தார்கள். ரெங்கசாமிக்குப் பாதித் தோட்டங்கள் திரும்பி வந்தன. மீதிப் பேர் வரவே இல்லை. கெட்ட பெயர் பரவிய வேகத்தில் கடிதம் பரவவில்லை. பதினான்கு ஆண்டுகள் சின்னக் கிராணியாகவே இருந்து கிளாரன்ஸ் ஓய்வு பெற்றார். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் தாயம்மா அவரை ஒருமுறைகூட 'ஐயா' என்று கூப்பிடவில்லை.

ஆனால் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது முதல் இரண்டு மாதம்தான். சன்னாசியின் கைக்கட்டை அவிழ்த்த சில நாளில், எரிந்துபோன அட்டைகளுக்குப் பதில் புது அட்டை பதிய, ஸ்டோர் வாசலில் பதிவு அதிகாரிக்கு மேசை போட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் படிவம் நிரப்பக் கிளாரன்ஸை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் வந்து பெயர் சொல்லி, வலது கட்டைவிரலில் மை தொட்டு ரேகை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள்.

சன்னாசியின் முறை வந்தது. எலும்பு கோணலாகக் கூடியிருந்ததால் அந்தக் கை மேசைமேல் திரும்பவில்லை. மேசை உயரத்துக்கு எழும்பவுமில்லை. அதிகாரி வலது விரல்தான் வேண்டும் என்றார். கிளாரன்ஸ் மைப்பெட்டியையும் படிவத்தையும் ஒரு பலகைமேல் வைத்து எடுத்துக்கொண்டு எழுந்து, அத்தனை பேருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, அந்தக் கைக்குக் கீழே பலகையைப் பிடித்தார். விரலைத் தொட்டு உருட்டினார். சன்னாசி பல்லைக் கடித்தார். ரேகை கலங்கிவிட்டது. சரியில்லை என்று அதிகாரி புதுப் படிவத்தை நீட்டினார்.

"இன்னொரு தடவ எடுக்கணும்," என்றார் கிளாரன்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சன்னாசியோடு பேசிய முதல் வார்த்தை அது.

சன்னாசி அவருடைய தலைக்கு மேலே, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க," என்றார்.