மஸீனா வீட்டில் ஐயாயிரம் பல்லுக்குச்சி

மஸீனா வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போகப்போகிறார்கள் என்று முல்லைத்தீவுச் சந்தையில் ஒரு கதை. ஆதாரம், மட்டைப்பெட்டிகள். விறாந்தையில் பன்னிரண்டு, கோழிக்கூட்டின் மேல் ஐந்து, கட்டிலுக்குக் கீழே எத்தனை என்று கூட்டிக் கழுவியவருக்குத்தான் தெரியும். இந்தப் பக்கத்தில் ஒருவர் மட்டைப்பெட்டி சேர்த்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் சேர்த்தவர்கள்தான். எதிர்க்கதை ஒன்றும் உண்டு: அவர்கள் போகவில்லை, பதுக்குகிறார்கள், எங்கேயோ இருந்து மஸீனாவுக்குத் தகவல் வந்திருக்கிறது, திரும்பவும் என்னவோ வரப்போகிறது. இதை நம்பி மூன்று வீட்டுக்காரர் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கி அடுக்கிவிட்டார்கள். அதே வாரம் அரிசி விலை இறங்கியது. அந்த மூன்று வீட்டிலும் இப்போது மஸீனாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எந்தக் கதை சரி என்று பார்க்க வசதியான நாள் மாதத்தின் முதல் திங்கள். அன்று காலை ஆறரை பஸ்ஸில் மஸீனா கிளிநொச்சிக்குப் போவார். அறுபத்திரண்டு வயது, கட்டையான உடம்பு, மண்ணிற ஹபாயா, சட்டையில் பொத்தான் தைக்கிற கறுப்பு நூலால் காது கட்டிய மூக்குக்கண்ணாடி. போகும்போது வெறுங்கை. திரும்பி வரும்போது பஸ்ஸின் பின்பாதி அவருடையது. தர்மபுரம் தாண்டும்வரை கண்டக்டர் கிருபன் பொறுத்துக்கொண்டு வருவான். பிறகு தொடங்குவான்.

"ராத்தா, இது என்ன, கலியாண வீடோ?"

"இல்லை மோன், சவர்க்காரம்."

"உதைக்கொண்டு ஒரு ஊரையே குளிப்பாட்டலாம் போல கிடக்கு."

"ரெண்டு பேருக்குத்தான். ஆனா வடிவாக் குளிப்பம்."

"அப்ப பெட்டிக்கும் ஒரு டிக்கெட் போடட்டே?"

"போடு. போட்டா அதுக்கும் சீற்றுத் தரோணும், சொல்லிப்போட்டன்."

கிருபன் டிக்கெட் போட்டதில்லை. புதுக்குடியிருப்பில் ஏறுகிறவர்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வருவார்கள். சவர்க்காரம் நசியாது. பஸ் முழுக்கச் சந்தன வாசம் அடிக்கும்.

கிளிநொச்சியில் அவர் போவது பெருவீதியோரம் இருக்கும் மொத்தக் கடைக்கு. நெல் அடைத்திருந்த களஞ்சியம் ஒன்றை வெள்ளையடித்து, குளிரூட்டி, மின்விளக்கை வரிசையாகத் தொங்கவிட்டுத் திறந்திருக்கிறார்கள். அங்கத்துவ அட்டை வைத்திருக்கிறவர்களைத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போனாலும் எதையும் ஒன்று இரண்டாக வாங்க முடியாது. மஸீனாவின் அட்டையில் "முஹ்ஸின் டெய்லர்ஸ்" என்று இருக்கிறது. அது கணவரின் கடை. பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் தைக்கும் சிறு கடை. அட்டை கசங்காமலிருக்கக் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் உறை தைத்துக் கொடுத்தவரும் முஹ்ஸின்தான். எதற்கு உறை தைக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

கடைக்குள் மஸீனா அவசரப்படமாட்டார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, குளத்துக்கட்டில் காலாற நடப்பதுபோல நடப்பார். மேலே விசிறி சுழலும், கீழே தரை பளபளக்கும், இரண்டு பக்கமும் தட்டுகள் கூரைவரை போகும். மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள். இவர் பார்ப்பது முடிவுத் திகதி. ஒவ்வொரு தகரத்தையும் புரட்டி, கண்ணாடியைத் தூக்கி, உதட்டை அசைத்து வாசிப்பார். கடலைத் தகரத்தில் இரண்டாயிரத்து இருபத்தெட்டு, மார்ச். அதிலே விரலை வைத்தபடி நின்றுவிடுவார். இருபத்தெட்டு மார்ச்சில் கிணற்றடி எலுமிச்சை காய்த்திருக்கும். மதிலின் மிச்சப் பாதியும் எழும்பியிருக்கும். அந்த மதில் நிழலில் ஒரு கதிரை, கதிரையில் முஹ்ஸின், அவர் வாயில் ஊசி, ஊசியில் வெள்ளை நூல். பின்னால் வண்டி தள்ளி வருகிறவர் செருமினால்தான் மஸீனா இருபத்தெட்டிலிருந்து திரும்பி வருவார்.

அவருக்கு மிகவும் பிடித்தவை ஒரு சில. ஐந்து லீற்றர் கோப்பை கழுவும் திரவம், பச்சை நிறம், தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் நந்திக்கடல் மாரியில் நிற்கிற நிறம் என்பார். நாற்பத்தெட்டு உருளையாக வரும் கழிப்பறைக் கடதாசிக் கட்டு. கிணறும் வாளியும் உள்ள அந்த வீட்டில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாத சாமான் முடியாது என்பதே அதன் சிறப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, பல்லுக்குச்சி. ஒரு பெட்டியில் ஐயாயிரம். ஆளுக்கு நாளுக்கு ஒன்று என்றாலும் ஆறு வருடமும் பத்து மாதமும் போகும். முஹ்ஸினின் வாயில் மிச்சமுள்ளது பதினொரு பல். அதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெட்டி பேரப்பிள்ளைகளையும் தாண்டிப் போகக்கூடும்.

சந்தைக் கதை இரண்டும் பிழை. ஆனால் முதலாவது கதை அரைவாசிதான் பிழை.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில் ஊரைவிட்டுப் போனபோது மஸீனாவுக்கு இருபத்தேழு வயது. புத்தளத்தில் இருபத்தொரு வருடம் இருந்தார். அந்த இருபத்தொரு வருடமும் அவர் தேயிலை வாங்கியது சின்னக் கடதாசிச் சரையில், சவர்க்காரம் வாங்கியது பாதிக் கட்டி, எண்ணெய் வாங்கியது கால் போத்தல். காசில்லாத மாதமும் இருந்தது, இருந்த மாதமும் இருந்தது. இரண்டிலும் ஒரே அளவுதான். கடைக்காரர் பெரியதை எடுத்து நீட்டினால், "வேண்டாம் நானா, அடுத்த மாதம் ஊருக்குப் போயிருவம்" என்பார். வீட்டில் ஒரு சாமான் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பயம் பிடிக்கும், இங்கேயே இருந்துவிடுவோமோ என்று.

ஊருக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. மகள் றிஃப்னா புத்தளத்திலேயே கட்டிக்கொண்டாள். படிப்பிக்கிறாள், மூன்று பிள்ளைகள். உம்மா வாப்பாவுக்கென்று தன் வீட்டில் ஓர் அறை கட்டி, தையல் மெஷினுக்கு யன்னலோரம் இடமும் விட்டிருக்கிறாள். முஹ்ஸினுக்கு முழங்கால் வருத்தம். பேரப்பிள்ளைகளைப் போனில் பார்த்துப் பார்த்துக் கண்ணும் வருத்தம். சென்ற வருடப் பெருநாளுக்கு மறுநாள் அவர் ஒரு முடிவு சொன்னார்.

"மஸீனா, சண்டை வேண்டாம். வீட்டில கிடக்கிற சாமான் முடியட்டும். வீண்விரயம் செய்யக்கூடாது. முடிஞ்ச கையோட போவம்."

அன்றைக்கு வீட்டில் கிடந்தது அரைப் போத்தல் எண்ணெய், இரண்டு சவர்க்காரம், ஒரு பேணி பருப்பு. மஸீனா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

"ஓம், நீங்கள் சொல்றது சரி. முடிஞ்சாப் போவம்."

அடுத்த திங்களே கிளிநொச்சி.

முதல் மாதம் பச்சைத் திரவம் வந்திறங்கியபோது முஹ்ஸின் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மறுநாள் காலை கலனின் வெளிப்பக்கம், திரவம் நிற்கும் மட்டத்தில், தையல் சோக்கால் ஒரு கோடு இழுத்திருந்தது. அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணி குடிப்பது நாளுக்கு ஆறாகியது. கழுவிக் கவிழ்த்த கோப்பையைத் திரும்பவும் கழுவுவார், நுரை முழங்கைவரை வரும். உடுக்காத சேட்டைத் தோய்ப்பார். கடதாசி உருளையால் மெஷின் எண்ணெய் துடைப்பார், எண்ணெய் இல்லாத இடத்தையும். சோக்குக் கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கினால் மஸீனா ஒரு கோப்பை கிணற்றுத் தண்ணீரை அதற்குள் விட்டுவிட்டுப் படுக்கப் போவார். ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளாமல் பதினாறு மாதம் இந்தப் போட்டி நடந்தது. மத்தியானத்தில் ஒரே பெட்டியிலிருந்து ஆளுக்கொரு குச்சி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வேம்படியில் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்தால் உலகத்தில் இவர்களைப் போல ஒத்துப்போகிற சோடி இல்லை என்று தோன்றும்.

போன மாதம் முஹ்ஸின் போனை வைத்துவிட்டு வந்து சொன்னார்:

"மருமகன் லொறி அனுப்புறாராம். பெரிய லொறி. சாமான் முடியுமட்டும் ஏன் பாத்துக்கொண்டு கிடக்கிறது? எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போவம்."

மஸீனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த வெங்காயத்தையே திரும்பவும் உரித்தார். லொறி ஒன்று வந்து நின்றால் ஐயாயிரம் குச்சியும் அரை மணித்தியால வேலை. மட்டைப்பெட்டிகூடத் தயாராக இருக்கிறது. அதையும் அவரே சேர்த்து வைத்திருக்கிறார்.

"நீங்கள் சொன்னாச் சரி" என்றார்.

முஹ்ஸின் முறையாகப் புறப்படுகிறவர். ஊர்விட்டுப் போகிறவன் ஒருத்தருக்கும் ஒன்றும் கொடுக்க மிச்சம் இருக்கக்கூடாது, ஒருத்தர் மனமும் நோகக்கூடாது. வாடிக்கையாளர் மறந்துபோன சட்டைகளைச் சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தார். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பினார். சந்தைக்குப் போய்ப் பழைய கோபக்காரர் இரண்டு பேரிடம் மாப்புக் கேட்டார். அதில் ஒருவருக்கு என்ன கோபம் என்றே நினைவில்லை. இருந்தும் பெரிய மனது வைத்து மன்னித்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முஹ்ஸின் வந்து குசினிப் படியில் இருந்தார்.

"எல்லாம் முடிஞ்சுது. இன்னும் ஒண்டே ஒண்டுதான் கிடக்கு. யூலிற்றாவின்ர சீனி."

மஸீனாவுக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்து வளவு யூலிற்றா கடற்றொழில் குடும்பம். புருசன் களப்பில் இறால் பிடிக்கிறவர். மாதா திருநாளுக்கு இங்கே பலகாரம் வராத வருடமில்லை, பெருநாளுக்கு அங்கே வட்டிலப்பம் போகாத வருடமுமில்லை. எல்லாம் நிறைந்த மஸீனா வீட்டில் எப்போதும் குறைகிற ஒரே சாமான் சீனி. மொத்தக் கடையில் அது ஐம்பது கிலோ மூட்டையாகத்தான் வரும், அதைப் பஸ்ஸில் ஏற்றக் கிருபன் சம்மதிக்கமாட்டான். நாளுக்கு ஆறு தேத்தண்ணி வேறு. போன வாரம் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்துபோய் ஒரு சுண்டு சீனி கேட்டபோது யூலிற்றா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மஸீனாக்கா, உங்கட வீட்டில பல்லுக்குச்சி அஞ்சாயிரம் கிடக்காம், சீனி இல்லையோ?"

"சிரியாதை, அளந்து தா."

"அளக்கிறதோ? உங்களுக்கோ? அள்ளிக்கொண்டு போங்கோ."

முஹ்ஸின் அன்று காலையே சந்தையில் சீனி வாங்கி வந்திருந்தார். சுண்டுப் பேணியை எடுத்து, நிரப்பி, மேலே குவித்து, உள்ளங்கையால் ஒருமுறை தட்டி, திரும்பவும் குவித்தார்.

"இதைக் குடுத்திட்டு வாறன். வந்து மருமகனுக்கு லொறிக்கு ஓம் எண்டு சொல்லுவன்."

மஸீனா தலையாட்டினார். முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் சுண்டு சிந்தாமல், முஹ்ஸின் வளவுக்குள்ளால் மெதுவாக நடந்துபோவது குசினி யன்னலால் தெரிந்தது. எலுமிச்சங்கன்றடியில் நின்றார், குனிந்து ஓர் இலையைப் பிரட்டிப் பார்த்தார். பாதி மதிலடியில் நின்றார். பிறகு வேலிக்குப் போய், பொட்டுக்கு நேரே, பின்பக்கம் மட்டும் தெரிய, வெகுநேரம் நின்றார். மஸீனா அடுப்பைப் பார்த்தார். கையில் வேலை இருக்க வேண்டும் என்பதற்காகப் பச்சைக் கலனை எடுத்துத் துடைத்தார்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. சுண்டு குவித்தபடியே இருந்தது.

"யூலிற்றா வீட்டில இல்லை" என்றார் முஹ்ஸின்.

வேலிக்கு அப்பால் யூலிற்றாவின் குரல் கடற்கரைவரை கேட்டது: "உந்தச் செவ்வரத்தையைத் தின்னாதை எண்டு எத்தினை தரம் சொல்றது, சனியன் பிடிச்ச ஆடே!"

இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

"அப்பிடியோ?" என்றார் மஸீனா.

"ஓம். கனநேரம் நிண்டு பாத்தனான்."

முஹ்ஸின் தட்டிலிருந்து சீனிப் போத்தலை இறக்கினார். சுண்டை அதன் வாயில் சரித்து, ஒரு மணியும் வெளியே விழாமல், ஊசியில் நூல் கோர்க்கிற கவனத்தோடு சீனி முழுவதையும் உள்ளே விட்டார். மூடியைப் போட்டு இறுக்கினார். பிறகு போத்தலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.