மூட்டை ராட்டினமும் என் மன்றாட்டும்

என் வீட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று கேட்டபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. மில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். விசுவாசிகளே, அந்தக் கஷ்டத்தில் தேவமாதா எனக்குச் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். சொல்லும்போது துக்கம்தான் அதிகம் வருகிறது.

அது யுத்த காலம். செஞ்சியில் ஒரு மல்லாட்டை எண்ணெய் மில்லில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் நிலக்கடலை புடைப்பேன். என் புருஷன் அருளப்பன், மூட்டைகளை மாடிக்கு ஏற்றும் ராட்டினத்தைப் பார்த்துக்கொள்வார். கைப்பிடியை இழுத்தால் ஒரு மரக்கட்டை இரும்புச் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும், மூட்டை அந்தரத்தில் நிற்கும். அதுதான் பிரேக்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, முதல் ஏற்றத்திலேயே மூட்டைகள் நிற்காமல் இறங்கிவிட்டன. கீழே நின்ற முனுசாமியின் மேல் விழுந்தன. அவர் சிங்கவரத்துக்காரர், எங்களுக்கு அண்ணன் மாதிரி. இடுப்பு நொறுங்கிப் போனது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அருளப்பன் குடித்துவிட்டு வந்து கையை விட்டுவிட்டான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் புருஷன் கள்ளைத் தொட்டவரில்லை. "புடிச்சேன், நிக்கல" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். கூட வேலை செய்த பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயில் நிச்சயம் என்றார்கள்.

கோவிலுக்குப் போய் மாதா சுரூபத்தின் முன் முட்டி போட்டேன். எனக்கு வாய் நீளம். ஜெபமா செய்தேன், சண்டைதான் போட்டேன். உன் மகன் மேல் பொய்ப்பழி போட்டு இழுத்துப் போனதை நீ பார்த்தவள்தானே, என் வயிற்றெரிச்சல் உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். உண்மை வெளியே வர வேண்டும், முனுசாமி அண்ணன் பிழைக்க வேண்டும். இரண்டையும் கேட்டேன்.

விபத்தை விசாரிக்க வெளியூரிலிருந்து பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். ரத்தக்கறை போகட்டும் என்று ராட்டினத்தை அதற்குள் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அவர் மூட்டையை ஏற்றிப் பிரேக்கைப் போடச் சொன்னார். ஆடாமல் அசையாமல் நின்றது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தாயே, நீயுமா கைவிட்டாய் என்று மனசு கதறியது.

அந்த நேரத்தில் முனுசாமியின் மனைவி குப்பம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். தலைகூட வாரவில்லை. பூஜைக்கு எல்லா மிஷினையும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்பது மில் வழக்கம். ராட்டினம் மட்டும் துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், சக்கரத்துக்கும் கட்டைக்கும் தன் புருஷன்தான் எண்ணெய் பூசினார் என்றாள். நாங்கள் பூஜையன்று மில்லுக்குப் போவதில்லை. இருந்திருந்தால் இவர் தடுத்திருப்பார்.

"அவருதான் சொல்லி அனுப்பிச்சாரு. அருளப்பன் கைய வுடலியாம். கீழேர்ந்து பாத்தாராம், ரெண்டு கையாலயும் புடிச்சித் தொங்கிக்கினு இருந்தாராம்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் கட்டையைக் கழற்றிப் பிளக்கச் சொன்னார். உள்ளே எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அதனால்தான் அன்று சக்கரம் வழுக்கியிருக்கிறது. மேலே சாம்பல் ஒட்டியதால்தான் இன்று பிடித்திருக்கிறது. அருளப்பன் மேல் குற்றமில்லை, பிரேக்கில் எண்ணெய் படக்கூடாது என்று யாரும் சொல்லித் தராததால் முனுசாமி மேலும் குற்றமில்லை, தொங்குகிற மூட்டைக்கு அடியில் ஆளை நிற்க விட்டது மில்லின் தவறு என்று முடிவு சொன்னார். அன்று சாயங்காலமே இவரை விட்டுவிட்டார்கள்.

முனுசாமி அண்ணன் பிழைக்கவில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போய்விட்டார். கேட்ட இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது. ஏன் என்று மாதாவிடம் இன்றும் கேட்கிறேன். கோபமும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. இப்போதெல்லாம் ராட்டினத்துக்கு அடியில் ஒரு ஆள் நின்றாலும் என் புருஷன் கைப்பிடியைத் தொடுவதில்லை. குப்பம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கடலை புடைக்கிறாள். தாலியில்லாத அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் தினமும் வேலையைத் தொடங்குகிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, நம்பிக் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். எனக்கு வந்த பதிலை, சாகக் கிடந்த ஒரு மனுஷர் சொல்லி அனுப்பினார். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரில்லை. ஆனாலும் இன்று ஜெபமாலை சொல்லும்போது முனுசாமி என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.