பளபளா பூசிய விமானம்

பளபளாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை இப்போது அவனுடைய அக்காகூடச் சொல்வதில்லை. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். லாரியில் மோதி நசுங்கிய வண்டி அவன் கையிலிருந்து வெளியே வந்தால், மோதிய டிரைவருக்கே இதுவா அது என்று சந்தேகம் வரும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். எத்தனை நாளைக்கு மின்னும் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்க நேர்ந்தவர்கள் அடுத்த தடவை வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

நாற்பதைத் தாண்டியும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் என்றால் அதில் பாதிப் பழி அவன் மேல்தான். ஒரு வேலையை ஆசை ஆசையாகத் தொடங்குவான். நடுவில் எங்காவது இடித்தால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவான். ஒரு டாக்சி மாதக்கணக்கில் ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் வெறும் பிரைமர் அடிப்பூச்சுமாக ஊரைச் சுற்றி வந்தது. கேட்டவர்களிடமெல்லாம் அக்காதான் சமாளித்தாள். தம்பிக்கு உடம்பு முடியவில்லை என்பாள், சரக்கு வரவில்லை என்பாள், அந்தக் கலரே இப்போது கிடைப்பதில்லை என்பாள். அம்மா போனபின் அவனை வளர்த்தது அவள். வெளியாள் ஒருவரிடம் அவனைப் பற்றி ஒரு குறை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அந்த நிழலில்தான் அவன் இத்தனை காலம் சொகுசாகப் பொறுப்பில்லாமல் இருந்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். ஆனாலும் அதுதான் உண்மை.

அக்கா விமானம் ஓட்டுகிறவள். பெரிய விமானம் இல்லை. ஒற்றை இன்ஜின், நாலு சீட்டு, கதவைச் சாத்தினால் பழைய ஜீப் மாதிரி சத்தம் வரும். ஆஸ்பத்திரி டாக்டரைத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கே படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை ஏற்றி வருவாள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த வேலைதான் அவளுக்குச் சோறும் துணையும். உப்புக்காற்றில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு இன்ஜின் விமானம் வைத்திருந்த ஒருவன் அந்த வேலைக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

விமானங்களுக்கென்றே பெயின்ட் அடிக்கும் பட்டறை தூரத்தில் ஒன்று இருக்கிறது. அக்கா அங்கே போகவில்லை. "என் தம்பி இருக்கும்போது அந்நியன்கிட்ட எதுக்குக் குடுக்கணும்?" என்றாள்.

சத்தியமாகச் சொல்ல வேண்டும், இந்தத் தடவை அவன் ஓடவில்லை. தகரக் கூரை போட்ட விமானக் கொட்டகையிலேயே பழியாகக் கிடந்தான். உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ரிவிட் தலையையும் பட்டி வைத்து மூடி, தடவினால் கை வழுக்கும்படி செய்தான். வாலின் அடியிலும் இறக்கையின் ஓரத்திலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. காரில் அப்படி ஓட்டை இருந்தால் துரு தின்கிறது என்று அர்த்தம். பட்டறைக்காரன் கை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. எல்லாவற்றையும் அடைத்தான், பழைய பெயின்ட் மேலேயே கோட்டு மேல் கோட்டாக ஏற்றினான். வெள்ளையும் நீலமுமாக விமானம் வெளியே வந்தபோது அக்கா அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் வாழ்க்கையிலேயே செய்த நல்ல வேலை அதுதான் என்று இருவரும் நினைத்தார்கள்.

பறக்கலாம் என்று கையெழுத்துப் போடவேண்டிய இன்ஜினியரம்மா மறுநாள் வந்தாள். குனிந்து வாலின் அடியைப் பார்த்தாள்.

"இங்க ஓட்டைங்க இருந்துச்சே, எங்க?"

"அடைச்சிட்டேன் மேடம்," என்றான் பளபளா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஒண்ணு விடாம."

அவள் ஒட்டும் டேப்பை இறக்கையில் ஒட்டி இழுத்தாள். பால் ஆடை மாதிரி ஒரு பட்டை பெயின்ட் அதோடு வந்தது. பிறகு வாலில் மேலும் கீழும் அசைகிற பலகையைக் கழற்றி, இரண்டு தாங்கிகளின் மேல் வைத்தாள். நேராக நிற்கவேண்டிய பலகையின் பின் ஓரம் தொப்பென்று கீழே சாய்ந்தது.

"அந்த ஓட்டைங்க உள்ள சேர்ற தண்ணி வெளிய போறதுக்கு. நீங்க அடைச்சதும் இல்லாம, பட்டியும் பெயின்ட்டும் ஏத்திப் பாரத்தைப் பின்னால தள்ளிட்டீங்க. வேகம் பிடிச்சதும் இது உதற ஆரம்பிக்கும். ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, பிச்சுக்கிட்டுப் போயிடும். எல்லாத்தையும் உரிக்கணும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பளபளா அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்காதான் முன்னால் வந்தாள். "என் தம்பி ராப்பகலா உழைச்சிருக்கான். அவன் வேலையில குறை இல்ல. நாளைக்குக் காலையில டாக்டரைக் கூட்டிட்டுப் போகணும், போகலேன்னா வேலைய அந்த ரெண்டு இன்ஜின்காரனுக்குக் குடுத்துடுவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டு இன்ஜினியரம்மா போய்விட்டாள்.

சாயங்காலம் அக்கா அந்தப் பலகையைத் தானே மாட்டத் தொடங்கினாள். "அவளுக்கு எல்லாத்துலயும் பயம். டயர்ல சின்னக் கீறல் இருந்தாலே ஊரைக் கூட்டுவா. கையெழுத்து இல்லாமலே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன், அப்புறம் உரிச்சுக்கலாம். அந்தப் பக்கம் பிடிடா."

அவன் பிடித்தான். பலகை சாய்ந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவன்தான். அக்கா கேட்டபோதெல்லாம் போல்ட்டை எடுத்து எடுத்து நீட்டினான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கோழைப்பயலுக்கு வாய் வரவில்லை. சொன்னால், தன்னால்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

விடிந்ததும் கொட்டகைக்கு ஓடினான்.  அக்கா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, போகாத. அந்தம்மா சொன்னது சரி. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் நின்று அவனைப் பார்த்தாள். "தெரியும்டா. கடைசி நேரத்துல உனக்கு எப்பவும் இப்படித்தான். நல்லா செஞ்சிட்டு, யாராவது ஒரு வார்த்தை சொன்னதும் ஓடிடுவ. இந்தத் தடவை உன்னை ஓட விடமாட்டேன். நீ செஞ்ச வேலையிலதான் நான் பறக்கப் போறேன்."

"செத்துப்போயிடுவக்கா."

"போடா," என்று சிரித்துவிட்டு, காற்று நிலவரம் கேட்க உள் அறைக்குப் போனாள்.

அவளை நிறுத்த அவனிடம் என்ன இருந்தது? பேச்சுக்கு மதிப்பில்லை. அதை அவனே பல வருஷமாகத் தொலைத்துவிட்டான். மூலையில் அவன் பிரிக்காமலே விட்ட, பெயின்ட்டை உரிக்கும் ரிமூவர் டப்பா கிடந்தது. மூடியைப் பிய்த்து வால் பலகை மேல் கவிழ்த்தான். கையுறை போடக்கூடத் தோன்றவில்லை. நீலம் கொப்பளித்துச் சுருங்கியது. இறக்கைக்கு ஓடி அங்கேயும் ஊற்றினான். ராவும் பகலும் தேய்த்த இடமெல்லாம் நுரைத்து வழிந்து தரையில் சொட்டியது. கை எரிந்தது, அவன் அழுதுகொண்டே ஊற்றினான்.

அக்கா வாசலில் நின்றாள்.  ஓடிவந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து வாலைக் கழுவினாள். நீலத் தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடியது.

"உரிஞ்சா உரியட்டும்," என்றாள், மூச்சு வாங்க. "பெயின்ட் போனா பாரம் குறையும். அதுதான அவ சொன்னா? இது இல்லாமலும் பறக்கும். நகரு."

பட்டி அப்படியேதான் இருக்கிறது, ஓட்டைகள் அடைத்தபடியே இருக்கின்றன என்று சொல்ல வந்தான். அவள் அதற்குள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். கார்க்காரனுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். பிளாஸ்டிக் கண்ணாடியில் ரிமூவர் பட்டால் அவ்வளவுதான். டப்பாவில் மிச்சம் இருந்ததைத் துணியில் கொட்டி, விமானத்தின் பிளாஸ்டிக் முன் கண்ணாடி முழுவதும் அழுத்தித் தேய்த்தான். கண்ணாடி வெளுத்து, நூல் நூலாக வெடித்து, அந்தப் பக்கம் இருந்த அக்காவின் முகம் மறைந்துபோனது.

அவள் இறங்கினாள்.   டாக்டரிடமிருந்து போன் வந்தது. பளபளா தரையில் உட்கார்ந்து, கொப்பளித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறாள் என்று காத்திருந்தான். காற்று சரியில்லை என்பாள், பேட்டரி என்பாள்.

"இல்ல டாக்டர், காத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.  "என் தம்பி பிளேனைக் கெடுத்துட்டான். அவனுக்கு வேலை தெரியாது. தெரிஞ்சும் அவன்கிட்டக் குடுத்தது என் தப்பு. நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, உரிந்து தொங்கும் இறக்கைக்குப் பக்கத்தில் வெளியே பார்த்தபடி நின்றாள். அக்கா உயிரோடு இருந்தாள், கூப்பிடு தூரத்தில். கூப்பிட அவனுக்கு வாய் எழவில்லை.