மணலும் ஆறுதான்

வசந்தாமணி ஐந்து வருடமாக அமெரிக்காவில், இர்விங்கில் ஒரு வரைபடக் கம்பெனியில் ஆறுகளைச் சரிபார்க்கிறார். தாராபுரத்துக்காரர். வேலை பார்க்க அனுமதி இல்லாமல் பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, அது கிடைத்த அன்றே அப்ளை பண்ணியவர். அதனால்தானோ என்னவோ, வேலையில் ஒரு சின்னக் கோட்டைக்கூட லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

போன மாதம் வடமேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு ஆறு அவரிடம் வந்தது. பெரிய ஊர் என்று பார்த்தால் முந்நூறு மைல் போகவேண்டும். வரைபடத்தில் அது இரண்டு ஆறு. மேல்பாதிக்கு யாரோ ஒரு கவர்னர் மனைவியின் பெயர். அந்த அம்மாள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கீழ்பாதிக்குச் செத்த குதிரை ஓடை. சர்வே பண்ணப் போனவர்களின் குதிரை அங்கே செத்ததாம், பெயர் வைக்க அவர்களுக்கு அதுதான் கிடைத்தது. நடுவில் நாற்பது மைல் வெறும் மணல். சாட்டிலைட் படத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்த நடுப்பகுதியை அழித்துவிடும்படி மேனேஜர் நெடுஞ்செழியன் சொன்னார்.

வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. ஊரில் ஓடும் அமராவதி வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலாகத்தான் கிடக்கும். அதை ஆறு இல்லை என்று எவனும் சொன்னதில்லை. அந்த ஆஸ்திரேலியப் பகுதியின் பழங்குடி அலுவலகத்துக்கு மெயில் போட்டார். அங்கிருந்து ஒரு அம்மாள் போனிலேயே வந்தார். மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே ஆறு, ஒரே பெயர், மணலைத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் தண்ணீர் என்றார். அரசாங்கப் பதிவிலும் அந்தப் பெயர் ஏறிவிட்டதாம். கம்பெனியில்தான் யாரும் பார்க்கவில்லை. வசந்தாமணி அந்தப் பெயரை ஒன்பது முறை சொல்லிப் பார்த்து உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். இங்கே எழுதினால் நான் கெடுத்துவிடுவேன்.

வியாழக்கிழமை மீட்டிங்கில் நெடுஞ்செழியன் கேட்டார். "தண்ணி எங்க இருக்கு, காட்டுங்க."

"மணலுக்குக் கீழ போகுதுங்க. அங்க இருக்கறவங்க தோண்டிக் குடிக்கறாங்க. சாட்டிலைட்டுக்குத் தெரியலைன்னா ஆறு இல்லீன்னு ஆயிருமுங்களா? என்ற பேர்ல இதை அழிக்கறதுக்கு ஓகே தர மாட்டனுங்க."

அரசாங்கப் பதிவின் பிரதியை எடுத்து நீட்டினார். நெடுஞ்செழியன் பதிவை வாங்கி இரண்டு முறை படித்தார்.

வெள்ளிக்கிழமை வந்த புது வரைபடத்தில், மணல்மேல் புள்ளிக்கோடாக ஆறு முழுசாக ஓடியது, ஒரே பெயரோடு. வசந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் நெடுஞ்செழியன் ஒரு பட்டியலோடு அவர் மேஜைக்கே வந்தார். வறண்டவை என்று அழிப்பதற்குக் குறித்து வைத்திருந்த இருநூற்றுப் பதினாலு ஆறுகள்.

"நீங்க பாத்து சொல்ற வரைக்கும் ஒண்ணையும் தொட மாட்டோம்" என்றார்.

வசந்தாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆற்றைத் திறந்தார்.