மெதுவா சாரின் வேகமான வண்டி

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அவர் சொல்வது ஒரே வார்த்தைதான்: "மெதுவா... மெதுவா..." அதனால் அவர் மெதுவா சார். பள்ளியின் கணக்குப் பிள்ளைகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் கை ராசியான கை என்று ஊரில் பேச்சு. புதிதாகச் சேர்ந்தவர் வாசல் படியேறி வருவதைப் பார்த்தே, அவருக்கு இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டும், கண்ணாடியை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். தப்பியதே கிடையாது. முதல் நாள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம்.

"பின்னாலேருந்து ஒருத்தன் ஹாரன் அடிப்பான். பக்கத்துல வந்து, ஓட்டத் தெரியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானேன்னு கத்துவான். திரும்பிப் பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க. கத்துறவன் தன்னோட மொத நாள மறந்துட்டவன்."

பயிற்சி வண்டியின் பின்னால் 'பழகிக்கொண்டிருக்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு பலகை இருக்கும். அந்த வாசகமும் அவருடையதுதான். இத்தனை பொறுமைசாலி வீட்டில் என்ன வைத்திருந்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? ஊரிலேயே வேகமான வண்டியை.

வாங்கும்போது அது பழைய இரண்டு கதவு வண்டி. நீலம் வெளுத்துப்போய், எவனோ ஒருவன் நாலு வருஷம் தாறுமாறாக ஓட்டிவிட்டு ஆளை விட்டால் போதும் என்று தள்ளிவிட்டது. ஆனால் இஞ்சின் நல்ல இஞ்சின். அதை ஒருமுறை உறுமவிட்டுக் கேட்டவர் அப்படியே விழுந்துவிட்டார்.

முதலில் பிரேக்கை மாற்றினார். பிரேக் நன்றாகப் பிடித்ததும் டயர் வழுக்கியது, டயரை மாற்றினார். டயர் பிடித்ததும் வளைவில் உடம்பு சாய்ந்தது, ஸ்பிரிங்கை மாற்றினார். பிறகு காற்று வடிகட்டி, புகைக்குழாய், இஞ்சினின் கம்ப்யூட்டர். ஒரு சமயத்தில் ஒன்றுக்கு மேல் மாற்ற மாட்டார். மாற்றிவிட்டு, ஊருக்கு வெளியே எப்போதும் போகும் அதே சாலையில், அதே வளைவில் ஓட்டிப் பார்ப்பார். போன வாரம் வரை வளைவில் முரண்டு பிடித்த வண்டியின் மூக்கு இன்று சொன்ன பேச்சைக் கேட்கும். வித்தியாசம் ஒரு கடுகளவுதான், ஆனால் அந்தக் கடுகை உண்டாக்கியது தன் கை. அந்தச் சந்தோஷத்தில் வாரம் முழுக்க முதல் கியரில் ஊர்ந்த அலுப்பெல்லாம் பறந்துவிடும். அது பொய்யான சந்தோஷம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கெல்லாம் டார்ச் பிடித்தது அவர் மனைவி. வீட்டை ஒட்டிய கொட்டகையில், வண்டிக்கு அடியில் அவர் படுத்துக் கிடப்பார். அவள் பக்கத்தில் குனிந்து வெளிச்சம் காட்டுவாள். "இன்னும் கொஞ்சம் உள்ள காட்டும்மா" என்பார். காட்டுவாள். போகப் போக, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று அவர் கேட்பதற்கு முன்பே கையில் வைப்பாள். மூன்று தெரு தள்ளி வரும்போதே அந்தப் புகைக்குழாய்ச் சத்தத்தைக் கேட்டு அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

வண்டி வந்த முதல் வாரமே அவள் கேட்டாள்.

"ஏங்க, எனக்கும் ஓட்டக் கத்துக்கொடுங்களேன்."

"பிரேக் சரியில்லம்மா. மாத்திட்டுத் தர்றேன்."

பிரேக் ஆனதும் டயர், டயர் ஆனதும் ஸ்பிரிங். மேம்படுத்திக்கொண்டே போகிற வண்டியில் இது ஒரு வசதி. வேலை முடிந்தது என்கிற நாள் வரவே வராது. பந்தயக் கிளட்ச் மாட்டியபோது, "இது கல்லு மாதிரி இருக்கும்மா, உனக்குக் கால் வலிக்கும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் மனைவி பஸ்ஸில் போய் வந்தாள்.

கடைசியாக மாட்டியது பந்தயச் சீட்டு. கிண்ணம் போல உடம்பைக் கவ்விப் பிடிக்கும். முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தையே கழற்றிவிட்டு, தன் காலுக்கு அளவு பார்த்து, தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார். எடை குறைந்தது, உட்காரும் உயரம் குறைந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் தன்னுடைய விடுமுறை நாளன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடைக்காரர் வாய் ஓயாமல் புகழ்கிற ஜாதி. மனைவி தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவருடைய விடுமுறையன்று தங்கை வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஏற்றத்தில் முன்னால் ஒரு பயிற்சி வண்டி நின்றுபோய்க் கிடந்தது. அவர் பள்ளி வண்டியேதான். பயிற்றுநர் இருக்கையில் ஜூனியரின் தலை தெரிந்தது. ஜூனியர் அவரிடமே தொழில் பழகி அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவன், அண்ணா அண்ணா என்று உயிரை விடுவான். அவனைச் சீண்டிப் பார்க்கலாம் என்றுதான் முதலில் ஹாரனை அடித்தார். முன்வண்டி உதறிக்கொண்டு கிளம்பப் பார்த்தது. இவர் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். புகைக்குழாய் பட்டாசு மாதிரி வெடித்தது. முன்வண்டி பயந்து மறுபடியும் அணைந்து ஒரு முழம் பின்னால் உருண்டது. கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏற்றத்தில் நின்று நின்று இவருடைய புதுக் கிளட்ச் தீய்ந்த வாடை அடித்தது. இப்போது நிஜமாகவே எரிச்சல் வந்துவிட்டது. வண்டியை ஒடித்து முந்தும்போது, கடைக்காரர் பக்கமிருந்த ஜன்னல் வழியாக மெதுவா சாரே எட்டிக் கத்தினார்.

"ஓட்டத் தெரியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே!"

கத்திவிட்டுத்தான் பார்த்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடி பாதி இறங்கிய நிலையில், அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தாள்.

"நல்லாக் கேட்டீங்க!" என்றார் கடைக்காரர். யாரென்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எந்த வளைவில் வண்டி எப்படித் திரும்பியது என்று மெதுவா சாருக்கு நினைவில்லை. காது மடல் சுட்டது. தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தன் விடுமுறையன்று அவர் ஒருநாளும் எட்டிப்பார்க்காத இடம் தன் பள்ளிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருக்கும், அவர் ஒருவரைத் தவிர. இவ்வளவுக்கும் நடுவே மனசின் ஒரு மூலையில் ஒரு அற்ப ஆசை ஓடியது: அவள்தான் திரும்பவில்லையே, யாரென்று கவனிக்காமல் இருந்திருக்கலாம் இல்லையா? அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டுதான், கடைக்காரரை இறக்கிவிட்டு, இருட்டியபின் வீடு வந்து சேர்ந்தார். வெட்கங்கெட்ட ஆசை.

அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"கடைக்காரருக்குச் சீட்டு புடிச்சிருந்ததா?" என்று கேட்டாள்.

அவர் அப்படியே சுவரோரம் நின்றார். "நீன்னு தெரியாம..." என்று ஆரம்பித்து, அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது புரிந்ததும் நிறுத்திக்கொண்டார். வேறு யாராவதாக இருந்தால் கத்தலாமா?

"ஜூனியர்தான் பாவம், ஆடிப்போயிட்டாரு," என்றாள் அவள், சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "அண்ணி, அது அண்ணன் இல்ல, அதே மாதிரி வேற வண்டின்னு சொன்னாரு. பொய் சொல்லவே தெரியல அவருக்கு."

அந்தச் சட்டை இவருடையது. அதைப் பார்க்க முடியாமல் அவர் தரையைப் பார்த்தார். அவள் திட்டியிருந்தால் தேவலாம். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வா. இப்பவே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் கொட்டகைக்கு வந்தாள். கதவைத் திறந்து பந்தயச் சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். தொட்டிக்குள் இறங்கியது போல ஆள் மூழ்கிப்போனாள். ஸ்டியரிங்குக்கு மேல் அவள் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. காலை நீட்டினாள். பாதத்துக்கும் கிளட்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நகர்த்தலாம் என்று அவர் அவசரமாகக் கையைச் சீட்டுக்கு அடியில் விட்டார். நகர்த்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர்தான் கழற்றிப் போட்டிருந்தார்.

"அதான் எட்டாதே," என்றாள் அவள். "மாட்டும்போதே பாத்தேன். நான்தானே டார்ச் புடிச்சேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். இன்னும் கொஞ்சம் உள்ள காட்டுன்னீங்க."

பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று பார்த்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தேநீர் ஆறிவிடும் என்று சொல்லி அவள் உள்ளே போனாள்.

மறுநாள் பள்ளியில் அவரைக் கண்டதும் கணக்குப் பிள்ளை ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். ஜூனியர் தேவையில்லாமல் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் நாள் பாடம் எடுக்கும்போது, "பக்கத்துல வந்து ஒருத்தன் கத்துவான்..." என்கிற இடத்தோடு நிறுத்திக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு, கியரைப் பற்றிப் பேசினார்.

அடுத்த விடுமுறையன்று அவள் வகுப்புக்குப் போனாள். இந்த முறை தங்கை வீடு என்று சொல்லவில்லை. அவர் கொட்டகையில் தனியாக டார்ச்சைப் பல்லால் கவ்விக்கொண்டு போல்டுகளைக் கழற்றினார். எச்சில் ஒழுகியது, வெளிச்சம் வேண்டிய இடத்தில் விழவில்லை, ஸ்பேனர் நழுவி விரலைப் பதம் பார்த்தது. பரண்மேல் கிடந்த பழைய சீட்டைத் தூசி தட்டி, தண்டவாளத்தோடு பொருத்தினார். எத்தனையோ பாகம் மாட்டியிருக்கிறார். ஒன்றைக் கழற்றிப் பழையதை மாட்டியது இதுதான் முதல்தடவை.

பொருத்தியதும் சீட்டை அவளுக்காக முன்னால் தள்ளப் போனார். கை நின்றுவிட்டது. எவ்வளவு தள்ளுவது? வாசல் ஏறி வருகிறவர்களை ஒரு பார்வையில் அளப்பவருக்கு, இத்தனை வருஷம் கூடவே இருந்தவளின் அளவு தெரியவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். டார்ச் வெளிச்சம்தான் நினைவுக்கு வந்தது.

வேறு வழியில்லாமல் ஜூனியருக்குப் போன் செய்தார். மானத்தை விட்டுத்தான் கேட்டார்.

"வகுப்பு முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுது அண்ணா. அண்ணி இப்பத்தான் பஸ் ஏறினாங்க. ஏற்றத்துல இன்னிக்கு அணையவே இல்ல."

"அவளுக்கு... சீட்ட எவ்வளவு முன்னால தள்ளுவே?"

"கடைசி வரைக்கும் தள்ளிடணும் அண்ணா. முதுகுக்கு ஒரு தலகாணியும் வைக்கணும்."

"தலகாணி எதுக்கு?"

"அவங்களுக்கு இடுப்பு வலி இருக்குல்ல. குனிஞ்சே நின்னு நின்னு வந்ததாம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணா."

போனை வைத்துவிட்டு, சீட்டைக் கடைசிவரை தள்ளினார். தலையணை எடுக்க வீட்டுக்குள் போனார். தேட வேண்டியிருக்கவில்லை. அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் எப்போதும் ஒரு சின்னத் தலையணை இருக்கும். அழகுக்கு வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.