கார்தகேனாவில் கேட்ட கையெழுத்து

என் மனைவிக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, டொரொன்டோவில் இருந்த அவளுடைய அண்ணன் எங்கள் இருவரையும் கொலம்பியாவின் கார்தகேனாவுக்கு அழைத்தார். கரீபியன் கடலோரத்துப் பழைய மதில் நகரம். ஐந்து நாள். டிக்கெட்டும் ஹோட்டலும் அவர் பொறுப்பு. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நாங்கள் லண்டனில், டூட்டிங்கில் இருந்தோம்.

"தங்கச்சிக்கு ஐம்பது ஒருக்காத்தானே மச்சான் வரும்" என்றார் தொலைபேசியில்.

மச்சான் காரணமில்லாமல் செலவழிக்கிறவர் அல்லர். மூன்று ஞாயிறுகளுக்கு முன்புதான், யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டின் உறுதிப் பத்திரம் எங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அன்றே அதை நாட்குறிப்பில் குறித்துவைத்தேன். பயணத்துக்கு முதல் நாள் பாஸ்போர்ட் எடுக்க ஃபைலைத் திறந்தால், உறுதி அங்கே இல்லை.

வீடு மனைவியின் பெயரில் இருந்தது. ஆனாலும் எங்கள் ஊர்ச் சட்டப்படி, கணவன் சம்மதித்துக் கையெழுத்திடாமல் அவளால் அதை விற்கவோ கொடுக்கவோ முடியாது. அண்ணன் கேட்க, தங்கை உறுதியை எடுத்துவிட்டாள், வீட்டை விற்கப்போகிறார்கள், அதற்கு என் கையெழுத்து வேண்டும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கார்தகேனாவில் மதில்மேல் நடந்தபோது மச்சான் என் தோளில் கை போட்டார். இதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"உந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில நில்லும் மச்சான், ஒரு படம் எடுப்பம்" என்றார்.

குதிரை வண்டியிலும் கேட்கவில்லை. மத்தியானம் பொரித்த மீனும் தேங்காய்ப்பால் சோறும் வந்தன. மனைவி கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து மீன்மேல் தூவினாள்.

"உதை எயார்போட்டில பிடிச்சிருந்தா, நான் உன்னை ஆரெண்டே தெரியாதெண்டிருப்பன்" என்றார் அண்ணன். அவள் சிரித்தாள். இருவரும் ஒத்துப் பேசுகிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

பிறந்தநாள் மாலை மச்சான் கேக் வாங்கப் போனார். எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. நான் போய் அவருடைய பழுப்புப் பையைத் திறந்தேன். பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி, இன்னும் எழுதாத ஒரு வாழ்த்து அட்டை. எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப வைத்துக்கொண்டிருந்தபோது மனைவி கதவடியில் நின்றாள்.

"என்ன தேடுறியள்?"

"மிளகாய்த்தூள்."

"மிளகாய்த்தூளும் என்ர பையிலதான். உறுதியும் என்ர பையிலதான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய அவளுடைய இளைய தங்கை அந்தச் சீதன வீட்டில்தான் இருந்தாள். தங்கையின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீதனமாக வீடு கேட்டார்கள்.

"நான் வீட்டை அந்தப் பிள்ளைக்குக் குடுக்கப்போறன். உங்கட கையெழுத்து வேணும். அண்ணைக்கு உதில ஒண்டுமில்லை. உறுதி கிடக்கோ எண்டு தங்கச்சிதான் அவரைக் கொண்டு கேப்பிச்சவள்."

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தரம் சொன்னனான். ஒருக்கா, ஷிப்டுக்கு நேரமாச்சு எண்டியள். மற்றமுறை, ஊரில சண்டை முடியட்டும் எண்டிட்டு நியூஸைப் பாத்தியள். இஞ்சையெண்டா எங்க எழும்பிப் போவியள்? அதுதான் கொண்டுவந்தனான்."

அதற்குள் மச்சான் கேக்குடன் வந்துவிட்டார். அவள் எழுந்துபோய் வெட்டினாள். முதல் துண்டை அண்ணனுக்கு ஊட்டினாள்.

லண்டன் திரும்பியதும் அந்த மாதங்களின் நாட்குறிப்பைப் புரட்டினேன். பஸ் பதினெட்டு நிமிடம் பிந்தியது இருந்தது. பாய்லர் திருத்த ஆள் வந்தது இருந்தது. அவள் சொன்னது ஒருமுறைகூட இல்லை.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு அவளுடன் சட்டத்தரணியிடம் போனேன். வீட்டைக் கொடுப்பதற்கான பத்திரத்தில் அவள் கையெழுத்திட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினாள். நான் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாக வாசித்தேன்.

"வடிவாப் பாருங்கோ" என்றாள் மெதுவாக. "அண்ணையின்ர பேர் எங்கையும் இல்லை."

கடைசிப் பக்கத்தின் பின்புறத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.