ஐஸ் கம்பெனியில் கேட்ட ‘ட்ரை பண்றேன்’

ஐஸ் கம்பெனியில் நைட் டூட்டி பார்ப்பவனுக்கு முதலில் கரைவது தூக்கம்தான். தூக்கம் போன பிறகு பழைய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு நானாக இங்கிலீஷ் படித்தேன். ‘ட்ரை’ என்றால் ‘முயற்சி செய்’ என்று போட்டிருந்தது. அதை நம்பி ஏமாந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். எங்கள் ஊரில் அந்தச் சொல் எதற்கெல்லாம் ஆகிறது என்று அகராதியில் இல்லை.

வராததற்கு

கம்ப்ரசர் நின்றுபோனதும் பொன்னேரி மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “ட்ரை பண்றேன் சார்” என்றார். நானும் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். விடிந்தபோது கேன்களில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. இறால் தரம் பிரிக்க வந்த அம்சா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“ட்ரை பண்றேன்னானா? வர்றவனா இருந்தா, வண்டி எட்த்துட்டேன்னு சொல்லியிருப்பான்ணா.”

விடாமல் வருவதற்கு

அந்த அம்சாவிடம், மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஏழுமலை இரண்டு வருஷம் ட்ரை பண்ணினான். அவள் வேலைக்கு வரும் நேரம் பார்த்து ஐஸ் வாங்க வந்துவிடுவான். மீனே படாத நாளிலும் ஒரு கட்டி. வீடு போவதற்குள் பாதி சாலையில் ஒழுகியிருக்கும். “வெறும் படகுக்கு இன்னாத்துக்குடா ஐஸு?” என்று கேட்டேன்.

“கட்டிக்கிறேன்னு அவ சொல்ற வரைக்கும் தேவப்படும்ணா.”

சொன்னாள். கல்யாணமும் ஆயிற்று.

போன் போடுவதற்கு

போன மாதம் கடலுக்குப் போன ஏழுமலை சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. காற்று ஏறிக்கொண்டிருந்தது. டவர் நன்றாகக் கிடைப்பது எங்கள் கம்பெனி மாடிப்படியில்தான். அம்சா காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து அவன் நம்பரையே போட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது செய்யச் சொன்னபோது, நானும் முதலில் “ட்ரை பண்றேம்மா” என்றுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

ஊர்த் தலைவருக்குப் போன் போட்டு, தேடப் படகு அனுப்பச் சொன்னேன். “காத்து தணியட்டும்பா, ட்ரை பண்றோம்” என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்சா போனைப் பிடுங்கினாள். அழவில்லை.

“மாமா, போறீங்களா இல்லியா, ஒண்ணு சொல்லுங்க. இல்லன்னா எங்க நைனா படகுல நானே ஏறுறேன்.”

சும்மா இருப்பதற்கு

அரை மணியில் இரண்டு படகுகள் கிளம்பின. ஒன்றில் தலைவரே இருந்தார். முகத்துவாரத்துக்கு வடக்கே, இன்ஜின் நின்றுபோய் நங்கூரம் போட்டுக் கிடந்த ஏழுமலையைக் கட்டி இழுத்துவந்தார்கள். உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இறங்கியதும், செத்துப்போன போனை அவள் கையில் வைத்தான்.

“நீ போட்டுக்கினே இருப்பேனு தெரியும். ஆள் அனுப்புவேனும் தெரியும். அதான் நங்கூரத்த எடுக்காம அங்கியே கெடந்தேன்.”

இப்போதெல்லாம் யாராவது ட்ரை பண்றேன் என்றால் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டுவிடுகிறேன். எனக்கு வரும் போன்கள்தான் குறைந்துவிட்டன.